புதிய நூலகப் பட்டதாரி விருது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலக, தகவல் அறிவியல் படித்து முடித்து வேலையில் காலடி எடுத்து வைப்பவர்களுக்கென்று நூலகச் சங்கங்களும் நூலகவியல் துறைகளும் விருது தருவது உண்டு. பெயர் இடத்துக்கு இடம் மாறும். நோக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: 'இவர் இந்தத் துறையில் நன்றாக வருவார்' என்று முன்கூட்டியே கைகாட்டுவது. இப்படிப்பட்ட விருதுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறேன். தேர்வுக் குழுவில் உட்கார்ந்து கட்டுக்கட்டாகப் படித்தும் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே எழுதுகிறேன். நீங்கள் விண்ணப்பிக்கும் விருதின் அறிவிப்பில் வேறு மாதிரி போட்டிருந்தால், அறிவிப்பு சொல்வதையே பின்பற்றுங்கள்.

'புதிய பட்டதாரி' என்று யாரைச் சொல்கிறார்கள்?

ஒரே அளவுகோல் கிடையாது. சில விருதுகள் அந்தக் கல்வியாண்டில் முடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். சில விருதுகளில் முடித்து ஓரிரு ஆண்டு ஆனவர்களும் விண்ணப்பிக்கலாம். வேறு சில இடங்களில் பட்டம் வாங்கிய ஆண்டை விட்டுவிட்டு, வேலையில் எத்தனை ஆண்டு இருந்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது தேதியில். 'பட்டம் பெற்ற நாள்' என்றால் தேர்வு முடிவு வந்த நாளா, பட்டமளிப்பு விழா நாளா? இரண்டுக்கும் நடுவே பல மாதம் ஓடியிருக்கலாம். அறிவிப்பில் தெளிவாக இல்லையென்றால் விண்ணப்பம் எழுதத் தொடங்குவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். எல்லாம் எழுதி முடித்த பிறகு தகுதியில்லை என்று தெரிந்துகொள்வது வீண் வேதனை.

வகுப்பில் முதல் மதிப்பெண். விருது எனக்குத்தானே?

எங்கள் துறையில் 'மார்க்' என்றால் இரண்டு பொருள். ஒன்று நீங்கள் கேட்பது. இன்னொன்று, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் என்ற பெண்மணி 1960-களில் வகுத்த, நூற்பட்டியலைக் கணினி படிக்கும்படி எழுதும் முறை. முதல் மார்க் நிறைய வாங்கியவருக்கு இரண்டாவது மார்க் கைவந்திருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மதிப்பெண்ணுக்கென்றே தனி மரியாதைகள் இருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் தரும் தங்கப் பதக்கம் ஒன்று. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1948-இல் தொடங்கிய பீட்டா ஃபை மியூ என்ற கௌரவச் சங்கமும் படிப்பில் உயர்ந்து நிற்பவர்களைச் சேர்த்துக்கொள்வதற்காக வந்ததுதான். நாம் பேசும் விருது அப்படியல்ல. இங்கே மதிப்பெண் வாசல் வரை கூட்டிக்கொண்டு வரும். உள்ளே போனதும் கேட்பது வேறு கேள்வி: இவரால் யாருக்கு என்ன பயன் நடந்தது?

'நம்பிக்கை தரும் பட்டதாரி' என்பதை எதை வைத்து அளக்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. இன்னும் நடக்காத ஒன்றை எப்படி அளப்பது? உண்மையில் நாங்கள் வருங்காலத்தை அளப்பதில்லை. ஏற்கெனவே நடந்த சின்ன வேலை ஒன்றை எடுத்து, அதில் இவர் எதைக் கவனித்தார் என்று பார்க்கிறோம்.

ஓர் உதாரணம் சொன்னால் புரியும். ஒரு மாணவி பயிற்சிக்காக ஒரு பொது நூலகத்தில் சில வாரம் இருந்தார். அவருக்குக் கொடுத்த வேலை நூல்களுக்குப் பார்கோடு ஒட்டுவது. ஓய்வு நேரத்தில் அவர் நூலக மென்பொருளில் ஓர் அறிக்கையைத் திறந்து பார்த்தார்: வாசகர்கள் தேடி ஒன்றும் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியல். அதில் 'சர்க்கரை வியாதி' பலமுறை வந்திருந்தது. 'சுகர்' என்றும் சிலர் தேடியிருந்தார்கள். நூலகத்தில் அந்த நோயைப் பற்றி ஓர் அடுக்கு நிறைய நூல் இருந்தது. ஆனால் நூற்பட்டியலில் எல்லாமே 'நீரிழிவு' என்ற பொருள் தலைப்பின் கீழ்! தேடியவர்கள் 'இங்கே இல்லை போல' என்று திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அவர் பொறுப்பு நூலகரிடம் அனுமதி வாங்கி, 'சர்க்கரை வியாதி: நீரிழிவு காண்க' என்பது போன்ற வழிகாட்டுக் குறிப்புகளைச் சேர்த்தார். விண்ணப்பத்தோடு வந்தது ஒரே ஒரு தாள். முதல் நெடுவரிசையில் வாசகர் தட்டச்சு செய்த சொல், இரண்டாவதில் பட்டியலில் இருந்த தலைப்பு, மூன்றாவதில் அவர் சேர்த்த குறிப்பு. அவ்வளவுதான். கணினியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பட்டியலாக்கப் பாடத்தில் முதல் பருவத்திலேயே சொல்லித் தருவதுதான். ஆனால் பாடத்தில் படித்த 'காண்க' குறிப்பு யாருக்காக இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது. இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கென்று வகுத்து 1931-இல் வெளிவந்த ஐந்து விதிகளில் நான்காவது, 'வாசகரின் நேரத்தைச் சேமி'. அதைத் தேர்வில் எழுதாத மாணவர் இல்லை. செய்து காட்டியவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

'நம்பிக்கை தரும்' என்றால் என் அகராதியில் இதுதான். சொல்லாத வேலையைச் செய்தார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒட்ட வேண்டிய பார்கோடுகளையும் அவர் ஒட்டி முடித்திருந்தார். திரும்பிப் போன வாசகரை, கண்ணால் பார்க்காமலேயே, அவர் கண்டுபிடித்தார் என்பதுதான் என்னை நிறுத்தியது.

நானே என் பெயரை அனுப்பலாமா?

சில விருதுகளில் அனுப்பலாம். சிலவற்றில் பேராசிரியரோ மேலதிகாரியோ சங்க உறுப்பினரோ முன்மொழிய வேண்டும். அப்படி இருந்தால், கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். 'அவராகவே என் பெயரைச் சொல்வார்' என்று காத்திருந்து கடைசித் தேதியைக் கோட்டைவிட்டவர்கள் அதிகம். கேட்கும்போது வெறுங்கையோடு போகாமல், செய்த வேலைகளைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பேராசிரியருக்கு உங்களைப் பிடிக்கும். ஆனால் நீங்கள் எந்தப் பருவத்தில் என்ன செய்தீர்கள் என்று நினைவிருக்காது.

பரிந்துரைக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

இதை எழுதுபவர்களுக்குச் சொல்கிறேன். விண்ணப்பதாரர்களும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதிய முதல் கடிதம் படுமோசம். 'இவர் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர், இவருக்குச் சிறப்பான எதிர்காலம் உண்டு.' ஒரு வரிகூடப் பொய் இல்லை. நன்னடத்தைச் சான்றிதழுக்கு இது போதும். விருதுக்குப் போதாது. அந்த மாணவருக்குக் கிடைக்கவில்லை, அதில் என் பங்கு கணிசமானது. பிறகு நடுவராக உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: வந்திருந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே நான்கு வரிதான். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

எது நிற்கும்? நடந்த ஒன்றை நடந்தபடி சொல்வது. எனக்கு மறக்காத கடிதம் ஒன்று. நூலகத்தில் களையெடுப்பு நடக்கவிருந்தது, அதாவது பல ஆண்டு யாரும் எடுத்துப் போகாத நூல்களை நீக்குவது. நீக்க வேண்டியவற்றின் பட்டியல் மென்பொருளிலிருந்து தயாராக வந்துவிட்டது. பயிற்சியில் இருந்த மாணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதில் சில நூல்களை நான் தினமும் மேசையிலிருந்து எடுத்து அடுக்குகிறேனே' என்று கேட்டிருக்கிறார். இரவல் போனால்தான் கணக்கில் ஏறும். அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு மேசையில் வைத்துப் போனால் ஏறாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் புரட்டிப் புரட்டி முனை மடங்கிய நூல்கள், கணினியைக் கேட்டால் 'யாரும் தொடாதவை'. மாணவர் தள்ளுவண்டியின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டி, அடுக்கப் போகும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கோடு போட்டு வந்தார். அந்தத் தாளைப் பார்த்த பிறகு நீக்கப் பட்டியலைத் திருத்தினார்கள்.

கடிதம் எழுதிய நூலகர் இதை எட்டே வரியில் சொல்லியிருந்தார். 'புத்திசாலி' என்ற சொல்லே அதில் இல்லை. கூடவே, 'அவர் முதல் இரண்டு நாள் கோடு போட மறந்துவிட்டார், மூன்றாம் நாளிலிருந்துதான் கணக்கு சரி' என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால் மீதி எல்லாவற்றையும் நம்பினேன்.

நீளம்? ஒரு பக்கம், தப்பினால் ஒன்றரை. அதற்கு மேல் போனால் நடுவரின் கண் தானாகவே கடைசிப் பத்திக்குத் தாவும்.

கடிதத்தையோ கட்டுரையையோ செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கலாமா?

சில விருதுகள் தடை போடும், சில தெரிவித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்னும். விதி எதுவாக இருந்தாலும் நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது: தள்ளுவண்டியில் ஒட்டிய தாளைப் பற்றி அதற்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். சொல்வதற்கு உங்களிடம் அவ்வளவு விவரம் இருந்தால் நேராக எழுதிவிடலாமே. பிழை திருத்தக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மேற்கோள் காட்டும் நூல்களையும் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டி நூலகர் விருதுக்கு விண்ணப்பிப்பதை விடப் பெரிய சங்கடம் எனக்குத் தோன்றவில்லை.

வேறு வேலையிலிருந்து தாமதமாக இந்தப் படிப்புக்கு வந்தேன். வயது தடையா?

வயது வரம்பு போட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. போடாவிட்டால் தயங்காதீர்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் தசம வகைப்பாட்டை அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 24. சரி, அது ஒரு வகை. ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது வயது 31. அதுவரை கணிதம் கற்பித்தவர். நூலகப் படிப்பே அதற்குப் பிறகு லண்டன் போய்ப் படித்ததுதான். கணித ஆசிரியரின் மூளை இல்லாமல் 1933-இல் அவருடைய நூல் அடுக்கும் முறையான கோலன் வகைப்பாடு வந்திருக்குமா என்பது வேறு கேள்வி. முன்பு பார்த்த வேலையை மறைக்காதீர்கள். செவிலியராக இருந்தவர் மருத்துவ நூலகத்துக்கும், கணக்கராக இருந்தவர் பதிவேட்டு மேலாண்மைக்கும் கொண்டுவருவது வகுப்பறையில் கிடைக்காதது.

பகுதி நேரமாகவோ அஞ்சல் வழியிலோ படித்தவர்களுக்கும் இதேதான். அந்தப் பட்டத்தை அறிவிப்பு ஏற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நூலகத்தில் வேலை கிடைக்கவில்லை. ஆவணக் காப்பகத்தில், அல்லது ஒரு நிறுவனத்தின் தரவுப் பிரிவில் இருக்கிறேன்.

பெரும்பாலான விருதுகள் 'நூலக, தகவல் துறை' என்று அகலமாகவே எழுதியிருக்கும். விண்ணப்பிக்கலாம். ஒன்று மட்டும்: நடுவர்களில் ஒருவர் பொது நூலகத்தில் இருந்தே ஓய்வு பெறப்போகிறவராக இருப்பார். மீத்தரவு, களஞ்சியம் என்று சொற்களை அடுக்காமல், 'முன்பு இந்தக் கோப்பைத் தேட இப்படி அலைந்தார்கள், இப்போது இப்படி எடுக்கிறார்கள்' என்று அவருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

குழுவாகச் செய்த திட்டம். என் பெயரில் காட்டலாமா?

உங்கள் பங்கை மட்டும் காட்டலாம். 'நாங்கள் கோஹா மென்பொருளுக்கு மாறினோம்' என்றால் யார் என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது. 'பழைய பதிவுகளில் ஆசிரியர் பெயர் இரண்டு மூன்று விதமாக இருந்ததைச் சேர்த்து ஒன்றாக்கியது என் வேலை, சர்வர் பக்கம் எனக்குத் தெரியாது' என்றால் தெரியும். 'எனக்குத் தெரியாது' என்று எழுதப் பயப்பட வேண்டாம். (கோஹா ஒரு நூலக மென்பொருள். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக எழுதி, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓடவிட்டு, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பொருத்தமான பெயர்தான்.)

வாசகர்களின் இரவல் விவரங்களை ஆதாரமாக இணைக்கலாமா?

பெயரோ உறுப்பினர் எண்ணோ தெரிகிற எதையும் இணைக்காதீர்கள். யார் எந்த நூலை எடுத்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் நடுவில் உள்ள விஷயம். நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்லா 2012-இல் ஏற்ற நெறிமுறைகளும் வாசகரின் தனியுரிமையை வலியுறுத்துகின்றன. மொத்த எண்ணிக்கை போதும். கணினித் திரையைப் படமெடுத்து ஒட்டுபவர்கள் மூலையில் தெரியும் பெயரைக் கவனிப்பதில்லை. ஒரு விண்ணப்பத்தில் அப்படி ஒரு பட்டியல் முழுசாக வந்தது. வேலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குழுவில் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'இவரிடம் என் கணக்கைக் கொடுக்க மாட்டேன்' என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

சிறுவர் பகுதியில் எடுத்த புகைப்படங்களுக்கும் இதே எச்சரிக்கை. முகம் வேண்டாம்.

தேர்வு எப்படி நடக்கிறது?

வழக்கமாக, ஒவ்வொரு நடுவரும் தனித்தனியாகப் படித்துப் புள்ளி போடுவார். பிறகு கூடிப் பேசுவோம். தன் மாணவரோ, தன்னோடு வேலை செய்பவரோ வந்தால் அந்த நடுவர் அந்தப் பெயருக்கு மட்டும் விலகி இருக்க வேண்டும். சில குழுக்கள் நேர்காணலும் வைக்கும். முதல் மூன்று பேருக்குள் புள்ளி வித்தியாசம் பெரும்பாலும் சொற்பம். அங்கே முடிவு செய்வது விவாதம்தான். எந்த விண்ணப்பத்தைப் பற்றி நடுவர்களால் பேச முடிகிறதோ அது முன்னே வரும். பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே! தகுதியானவர் இல்லையென்றால் அந்த ஆண்டு யாருக்கும் தராமல் விடவும் விதி இருக்கும். எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் தேவையான விதி.

என்ன கிடைக்கும்?

சான்றிதழ், சிறு தொகை, சங்கத்தில் ஓராண்டு உறுப்பினர் பதவி, மாநாட்டுக்குப் போய்வரும் செலவு என்று மாறும். இதில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மாநாட்டைத் தேர்ந்தெடுங்கள். தனி நூலகராக ஒரு சின்ன நூலகத்தில் உட்காரப் போகிறவருக்கு, சிக்கல் வரும்போது தொலைபேசியில் கூப்பிட நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேர் மாநாட்டின் தேநீர் இடைவேளையில்தான் கிடைப்பார்கள்.

விருதுக்கு ஏன் ஒருவர் பெயர் வைக்கிறார்கள்?

நன்கொடை தந்தவர், துறையை வளர்த்தவர், மறைந்த ஆசிரியர் என்று காரணம் பல. பெயர் வைப்பது எளிது, எடுப்பது கடினம். அமெரிக்க நூலகச் சங்கம் தன் உயரிய பதக்கங்களில் ஒன்றுக்கு டூயி பெயரை வைத்திருந்தது. மேலே 24 வயதில் வகைப்பாடு வெளியிட்டார் என்று சொன்ன அதே டூயிதான். இனவெறி, யூத வெறுப்பு, பெண்களிடம் தவறாக நடந்தது ஆகியவற்றைக் காரணம் காட்டி 2019-இல் சங்கம் அந்தப் பெயரை நீக்க முடிவு செய்தது. நூலக அடுக்கில் அவருடைய எண்கள் அப்படியே இருக்கின்றன. பதக்கத்தில் பெயர் இல்லை. புதிதாக விருது தொடங்கும் சங்கம் என்னைக் கேட்டால் 'புதிய பட்டதாரி விருது' என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சுவை குறைவுதான், தொல்லையும் குறைவு.

கிடைக்கவில்லை. காரணம் கேட்கலாமா? அடுத்த ஆண்டு மறுபடி அனுப்பலாமா?

பணிவாகக் கேட்கலாம். எல்லாக் குழுவும் பதில் தராது. தகுதிக் காலம் மிச்சமிருந்தால் மறுபடி அனுப்புங்கள், ஆனால் அதே கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்பாதீர்கள். போன ஆண்டு படித்த நடுவரில் ஒருவராவது இந்த ஆண்டும் இருப்பார். நடுவில் ஓர் ஆண்டு போயிருக்கிறது, அதில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். இரண்டாம் முறை வந்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் முறை 'செய்யப் போகிறேன்' என்றிருந்தது, இரண்டாம் முறை 'செய்தேன், பாதிதான் பலித்தது' என்று மாறியிருந்தது.

சான்றிதழில் பெயர் எப்படி வரும்?

சிரிக்காதீர்கள், அதிக மின்னஞ்சல் வருவது இதற்குத்தான். தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா, விரித்து எழுதுவதா, தந்தை பெயரைக் குடும்பப் பெயர் என்று போடுவதா என்று நூலகர்கள் மட்டுமே உள்ள குழுவில் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். தனிமனிதர் பெயர்த் தலைப்புக்கு, அதாவது நூற்பட்டியலில் ஒருவர் பெயரைப் பதியும் வடிவத்துக்கு, ஆளுக்கொரு விதியை மேற்கோள் காட்டுவார்கள். ஆகவே விண்ணப்பப் படிவத்திலேயே உங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டுமோ அப்படியே, புள்ளி இடைவெளி உட்பட எழுதிவிடுங்கள். கட்டுரைகளில் எந்த வடிவத்தில் போடுகிறீர்களோ அதே வடிவம் நல்லது. பின்னால் உங்கள் நூலைப் பட்டியலாக்கப் போகிற யாரோ ஒருவர், உங்களுக்கு இரண்டு தலைப்பு போடாமல் தப்பிப்பார்.